குன்னூரே இன்டர்வியூ செய்த மனிதர்

குன்னூரில் ஒத்திகை என்கிற மனிதரை இன்டர்வியூ செய்யாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்குக் காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அவரும் செய்துவிடுவார். மார்க்கெட்டில் கேரட் விற்கிறவர் செய்திருக்கிறார். முடிவெட்டுகிறவர் கையில் கத்தரிக்கோலோடு செய்திருக்கிறார். சிம்ஸ் பார்க்குக்கு வழி கேட்ட புதுமணத் தம்பதியை பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்துச் செய்ய வைத்திருக்கிறார். அந்தப் பெண் இவரை வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றான். அவர்கள் வாழ்க்கையின் முதல் சண்டை அதுவாகத்தான் இருக்கும்.

அவருக்கு நல்ல லட்சணமான சொந்தப் பெயர் உண்டு. ஆனால் ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மனைவி சரோஜா 'ஏனுங்க' என்பதோடு சரி. ஊருக்கு அவர் ஒத்திகை. நிஜ இன்டர்வியூவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று ஊரையே துரத்தியதால் வந்த பெயர். வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். மெரூன் ஸ்வெட்டர், அதற்கு மேலே நீல டை. டையை ஸ்வெட்டருக்குள் விடக் கூடாதா என்று கேட்டால், "உள்ள உட்டா கட்டியிருக்கறது ஆருக்குங்க தெரியும்?" என்பார். நியாயம்தான்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதுவரை அவர் வாழ்நாளில் இன்டர்வியூ என்பதையே பார்த்ததில்லை. அவருடைய அப்பா மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னார். மேனேஜர், "நாளைக்கு வரச் சொல்லு" என்றார். தேர்வு அத்தோடு முடிந்தது. இப்போது தலை நரைக்கிற வயதில், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று யாரோ கேட்கப் போகிறார்கள் என்றதும் மனிதருக்குக் கை கால் உதறியது.

சரோஜா தோட்டத்தில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவர். அவருக்குக் கை கால் எதுவும் உதறவில்லை. கெடுதான் வைத்தார். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இங்க ஒரு வேலை கெடைக்கோணும். இல்லீன்னா திருப்பூருங்க. எங்கண்ணன் ஊடு பாத்து வெச்சுட்டாரு. பனியன் கம்பெனியில சொல்லியும் வெச்சுட்டாரு."

மலையிலிருந்து திருப்பூருக்கு இறங்கிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பல உண்டு. பண்டிகைக்கு வருவார்கள், குளிருது என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். ஒத்திகைக்கு அது மட்டும் ஆகாது. "இந்த மழையையும் குளிரையும் திட்டறதுதானுங்க மேடம் என் பொழப்பு. அங்க போயி எதைத் திட்டறது?" என்றார் என்னிடம்.

என்னை ஏன் மேடம் என்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் பாடப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகம் என்றாலே அவருக்கு டீச்சர்தான், அதனால் மேடம். ஒருநாள் வீடியோ காலில் கூப்பிட்டு, கேமராவை அணைத்துக்கொண்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். சென்னை வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல், பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு நேர் மேலே, படிக்கட்டு ஏறினால் முதல் வீடு. அங்கிருந்து நாளெல்லாம் விண்ணப்பம் அனுப்பினேன். 'வருந்துகிறோம்' என்று பதில் வரும். சில சமயம் அனுப்பிய கை கீபோர்டை விட்டு எடுப்பதற்குள் வந்துவிடும். வருந்துவது மனிதரா மிஷினா என்றுகூடத் தெரியாது. அந்த வகையில் ஒத்திகை கொடுத்து வைத்தவர். அவரை நிராகரித்தவர்களுக்கு முகமாவது இருந்தது.

அவர் தேடிய வேலையெல்லாம் மலையில்தான். ரிசார்ட், சூப்பர் மார்க்கெட், பள்ளிக்கூட விடுதி, எங்கேயாவது ஸ்டோர் பொறுப்பு. ஆனால் முதலாளிகள் எல்லாரும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். இன்டர்வியூவும் அங்கேதான்.

முதல் இன்டர்வியூவுக்கு அதிகாலைக் குளிரில் கிளம்பியவர் உள்ளே கம்பளி பனியன், மேலே சட்டை, ஸ்வெட்டர், டை, தலைக்குக் குரங்குக் குல்லா என்று முழு அலங்காரத்தோடு பஸ் ஏறினார். கோயம்புத்தூரில் இறங்கியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்றால் டையைக் கழற்ற வேண்டும். டையைக் கட்டிவிட்டது நான். கழற்றினால் திரும்பக் கட்டத் தெரியாது. அப்படியே போனார். அதோடு மலையிறங்கும்போது எங்களுக்கெல்லாம் காது அடைக்கும். இவருக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் அடைக்கும். காது அடைத்தவனுக்குத் தன் குரல் கேட்காது அல்லவா? உள்ளே நுழைந்து அவர் போட்ட வணக்கத்தில் வாசலிலிருந்த செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியபடி கத்துகிற மனிதரைப் பார்த்து அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "சார், பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்பதுதான். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் போர்த்திப் படுத்திருப்பார்கள். இவர் மறுநாள் காலையில் என் வாசலில் நின்றார்.

"மேடம், ரெண்டே தப்புங்க. ஒண்ணு வேர்வை, ரெண்டு காது. மத்தபடி இன்டர்வியூ நல்லாப் போச்சுங்க."

அடுத்த முறை மேட்டுப்பாளையத்திலேயே இறங்கி, பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டரைக் கழற்றி, டையைச் சட்டைக்கு மாற்றிக்கொண்டார். சுருக்கை அவிழ்க்காமல் கழற்றி மாட்டுவது எப்படி என்று என்னிடம் ஒரு வாரம் பாடம் கேட்டிருந்தார். காதுக்குப் பபிள்கம். மெல்ல மெல்லக் காது திறந்துகொண்டது, உண்மைதான். ஆனால் மென்றதைத் துப்ப மறந்துவிட்டார். 'உங்கள் பலம் என்ன?' என்று கேட்டபோது பதற்றத்தில் ஊதிவிட்டார். முட்டை பெரிதாக வந்ததாம். "உடையாம இருந்திருந்தா சமாளிச்சிருப்பனுங்க" என்றார்.

மூன்றாவது தடவை வேர்வை இல்லை, காது சரி, வாயில் ஒன்றுமில்லை. ஆனால் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். தோட்டத்தில் மேனேஜரைத் துரை என்பார்கள். துரை முன்னால் யாரும் உட்காருவதில்லை. யாரும் உத்தரவு போட்டதல்ல, பழக்கம். இங்கே அவர்கள் மூன்று பேரும் "உக்காருங்க, உக்காருங்க" என்று கெஞ்ச, இவர் "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான்கு பேரும் நின்றபடி நடந்த இன்டர்வியூ சீக்கிரமே முடிந்துவிட்டது.

இதற்கு மட்டும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உக்காரச் சொன்னா உக்கார வேண்டியதுதானே?"

"முழங்கால் மடங்க மாட்டேங்குதுங்க மேடம். நானும் சொல்லிப் பாத்தன்."

அந்த முழங்காலை மடக்கத்தான் ஊர் ஒத்திகை ஆரம்பமானது. கேரட் கடை ஸ்டூலிலும் முடிவெட்டும் நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து பழகினார். புதிதாகப் பார்ப்பவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு பழக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலை இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். இவர் நின்று கேட்பார்: "ஏனுங்க, நான் எதுல உட்டன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. அடுத்த எடத்துல திருத்திக்கறன்." பெரும்பாலும் சிரித்துச் சமாளித்துவிடுவார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அய்யா, நீங்க என்ன பண்ணினீங்கன்னு கேட்டோம். நீங்க உங்க துரையைப் பத்திச் சொன்னீங்க, பாய்லர் பாத்தவரைப் பத்திச் சொன்னீங்க, லாரி டிரைவரைப் பத்திக்கூட சொன்னீங்க. அவங்க மூணு பேருக்கும் நான் வேலை குடுக்கலாம்னு இருக்கேன். உங்களைப் பத்தித்தான் எனக்கு ஒண்ணும் தெரியலை."

அது உண்மை. ஒத்திகைக்குத் தன் பெருமை பேசத் தெரியாது. தோட்டத்தில் அப்படிப் பேசினால் திமிர் பிடித்தவன் என்பார்கள். நல்லது நடந்தால் துரை செய்தது, கெட்டது நடந்தால் மழை செய்தது. இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தது ஆட்டோ ஸ்டாண்டு பாபு. முப்பது வயதுக்காரர், சவாரி குறைவு, யோசனை அதிகம். ஒத்திகையைப் பின் சீட்டில் உட்கார வைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தான் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, நீங்க கேள்வி கேளுங்க. அண்ணன் அடுத்தவங்க பேரைச் சொன்னா நான் ஹார்ன் அடிப்பேன்."

"குடோனில் உங்கள் பொறுப்பு என்ன?" என்று கேட்டேன்.

"துரை வந்து காலையில..."

பாம்!

"இல்லீங்க, நம்ம ராசு அண்ணன் சாக்குத் தெச்சுக் குடுப்பாரு..."

பாம்!

"நான்..." என்றார். வேர்த்துவிட்டது. அந்தக் குளிரில், ஸ்வெட்டரில்லாமல். "நான்... கூட இருந்தனுங்க."

இதற்கு அடிப்பதா வேண்டாமா என்று பாபு திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாம்!

சாயங்காலம்தோறும் இது நடந்தது. எங்கள் தெருவுக்குப் போக்குவரத்து நெரிசல் வந்துவிட்டதாக மேல் வீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். நானும் சளைக்காமல் நிராகரித்தேன். ஊரில் அவரை அதிகமாக நிராகரித்தவள் நான்தான். காரணம், அவரே கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று நான் சொல்ல வேண்டும். உடனே அவர் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, நன்றி சொல்லி, தலை குனியாமல் நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அதை என் வீட்டு ஹாலில் திரும்பத் திரும்பச் செய்தார்.

"போறதை எதுக்குப் பழகறீங்க?"

"உள்ள போறதும் பேசறதும் எல்லாரும் பழகறாங்க மேடம். போகும்போதுதான் முதுகு கூனுதுங்க. அது கூனுச்சுன்னா அடுத்த எடத்துக்கும் கூனிட்டேதான் போவோம்."

எனக்கு அன்றைக்கும் இரண்டு 'வருந்துகிறோம்' வந்திருந்தன. நான் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் கவனித்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மே மாதம் வந்தது. ஊர் முழுக்க கார். கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஊருக்கே சீசன், எங்கள் இருவரைத் தவிர. சரோஜா பாத்திரங்களைத் தேயிலைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார். மேட்டுப்பாளையம் போகிற ஒரு லாரியில் இடம் இருந்தது என்று பீரோவை முதலில் அனுப்பிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் ஒத்திகை வந்தார். டை இல்லை.

"மேடம், இன்னைக்கு ஒத்திகை வேண்டாங்க. சும்மா உக்காந்துட்டுப் போறன்."

உட்கார்ந்தார். முழங்கால் யாரும் கேட்காமலே மடங்கியது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "தூள் மட்டமுங்க" என்றார். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வேலை தேடுவதில் இருக்கிற களைப்பு வேலை செய்வதில் கிடையாது. வேலை செய்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். தேடுகிறவனுக்குச் சாயங்காலம் என்று ஒன்று வருவதே இல்லை.

அந்த நிலைமையில்தான் கோத்தகிரி ரோட்டில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ரிசார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டோர் பொறுப்பு. சீசன் நெரிசலில் இறங்கி வர வேண்டாம், வீடியோ காலில் பேசலாம் என்றார்கள். வேர்வை கிடையாது, காதடைப்பு கிடையாது. நெட் நன்றாக வருவது என் வீட்டில். லேப்டாப்பை மேஜையில் வைத்து, நாற்காலியைப் போட்டு, நான் திரைக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டேன். பாபுவிடம் இன்றைக்கு ஹார்னைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனால் கேட்டுக்கொண்டாவது இருக்கிறேன் என்று ஆட்டோவை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்திக்கொண்டார். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

திரையில் ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும். ஒத்திகை அளவாக வணக்கம் சொன்னார். உட்கார்ந்தார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

"நீங்களா முடிவெடுத்துச் செஞ்ச வேலை ஏதாவது சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

"ஒரு மழையில ரோடு சரிஞ்சு லாரி வரலீங்க. குடோன்ல சுவத்துல தண்ணி கசிஞ்சுது. பேக் பண்ணின தூளு அத்தனையும் அங்கதான் இருந்துச்சு. மேல மாடிக்கு ஏத்தச் சொல்லித் துரை..."

பாம்!

சத்தியமாவது சர்க்கரைப் பொங்கலாவது. பாபுவின் கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. எனக்கு அப்படியே சுவருக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் இளைஞர்.

ஒத்திகைக்குப் பொய் வராது. "அது எனக்கு அடிச்சதுங்க. நான் செஞ்சதை அடுத்தவங்க பேர்ல சொன்னா அடிப்பாங்க. பழக்கத்துக்காக."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா கேட்டார்: "அப்போ ஏத்தச் சொன்னது துரை இல்லையா?"

ஒத்திகை ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "துரை அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க. ரோடு சரிஞ்சு கீழ மாட்டிக்கிட்டாரு. ஃபோனும் போகலீங்க. நாந்தான் முடிவெடுத்தன். ஆளுகளைக் கூப்புட்டு நாந்தான் ஏத்தினன். ஒரு சாக்கு நனையலீங்க." சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்தார். இத்தனை வருஷமாக எல்லாரிடமும் துரை சொன்னார் என்றே சொல்லி வந்திருக்கிறார். எங்கள் ஒத்திகையில்கூட இது வந்ததில்லை. கீழே ஹார்ன் மூச்சு விடவில்லை.

"சரிங்க. எங்க கேள்வியெல்லாம் முடிஞ்சுது" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான். ஒத்திகை எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். நன்றி சொன்னார். முதுகு கூனாமல் நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயே போய்விட்டார். திரையில் இருவரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ? சார்? எங்க போயிட்டாரு?" என்றார் இளைஞர்.

நான் குனிந்து தலையை நீட்டினேன்.

"எப்ப வந்து சேர முடியும்னு கேக்கறதுக்குள்ள எழுந்து போயிட்டாருங்களே!" என்றார் அந்த அம்மா.

ஜன்னலுக்கு ஓடினேன். ஒத்திகை படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டார். "திரும்பி வாங்க! கூப்பிடறாங்க!" என்று கத்தினேன்.

"வேண்டாங்க மேடம். திரும்பிப் பாக்கப்படாது" என்று முதுகைக் காட்டியபடியே சொல்லிவிட்டு இறங்கினார். பாபுதான் கீழிருந்து ஓடி வந்து, இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏற்றினார். மூச்சு வாங்க மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தோம்.

"எப்போ வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஒத்திகை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மேடம்," என்றார் என்னிடம், "இதுக்கு நாம ஒத்திகையே பாக்கலீங்களே!"

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே வேலையில் சேர்ந்துவிட்டார். சரோஜா சாக்குகளைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினார். பீரோ மட்டும் திருப்பூரிலேயே இருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

தெரு அமைதியாகிவிட்டது. கேரட் கடைக்காரர் கேள்வி கேட்க ஆளில்லாமல் வாங்க வருகிறவர்களையே உற்றுப் பார்க்கிறார். எனக்கு 'வருந்துகிறோம்' வருவது மட்டும் நிற்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் சாயங்காலமானால் அந்த ஹார்ன் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருந்தது. நானும் பாத்திரம் கட்ட ஒரு சாக்குத் தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவருக்கு லீவு நாள். படியேறி வந்தார். ஸ்வெட்டர், மேலே டை. வந்தவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, நேராகப் போய், இத்தனை நாள் நான் உட்கார்ந்து அவரை நிராகரித்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"வெளிய போயிட்டு உள்ள வாங்க மேடம். ஆரம்பிக்கலாமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அலுப்பாகவும் இருந்தது. ஆனாலும் வெளியே போய்விட்டு உள்ளே வந்தேன். வணக்கம் சொன்னேன். உட்கார்ந்தேன்.

"வேலை இல்லாம இத்தனை மாசம் ஆச்சுதுங்களே. மனசு உடாம எப்படித் தாக்குப் புடிச்சீங்க?"

நிறையப் பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. புதிதாக என்ன கற்றுக்கொண்டேன், எப்படித் திட்டமிட்டேன் என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தவை. அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற அவருடைய அந்தப் பெயரைச் சொன்னேன்.

கீழே பாபு ஹார்ன் அடித்தார்.